நூலக பீரியடும் நடுநிலைப் பள்ளிப் பிள்ளைகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரையைச் சுற்றியுள்ள பள்ளிகளில் ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகளுக்கு நூலக பீரியட் எடுக்கும் ஆசிரியர்கள் கூட்டங்களிலும் டீக்கடையிலும் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். நான் நூலகர் இல்லை. மேலூர்ப் பக்கம் அறிவியல் நடத்துகிறவன். நூலகப் பொறுப்பு, எல்லாப் பள்ளியிலும் நடப்பது போல, "சார் நீங்களே பாத்துக்கோங்க" என்று வந்து சேர்ந்தது.

எட்டாம் வகுப்பு முடிப்பதற்குள் நூலகம் பற்றி ஒரு பிள்ளைக்கு என்னதான் தெரிந்திருக்க வேண்டும்?

பெரிய பட்டியல் எல்லாம் வேண்டாம். தனக்கு வேண்டியது எந்த அலமாரியில் இருக்கும் என்று ஊகிக்கத் தெரிய வேண்டும். அகராதியில் ஒரு சொல்லைத் தேடி எடுக்க வேண்டும். ஒரு புத்தகத்தை முழுதும் படிக்காமலே பொருளடக்கத்தைப் பார்த்து, "இதில் நமக்கு வேலை இருக்கிறது, இல்லை" என்று சொல்ல வேண்டும். அது எந்த ஆண்டு அச்சானது என்று பார்க்கும் பழக்கம் வர வேண்டும். இரவல் எடுத்ததைத் திருப்பித் தரத் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் நூலகரிடம் போய்க் கூச்சப்படாமல் கேட்க வேண்டும். நம் பிள்ளைகளுக்கு இந்தக் கடைசிதான் ரொம்பக் கஷ்டம்.

இதில் "வாசிப்பு ஆர்வம்" வரவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். வேண்டுமென்றேதான் விட்டேன். தேடத் தெரிவது வேறு, விரும்பிப் படிப்பது வேறு. முதலாவதை நாற்பது நிமிட பீரியடில் சொல்லித்தர முடியும். இரண்டாவது அதன் பின்னால் வந்தால் வரும். இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டிப் பிள்ளையின் தலையில் ஏற்றுவதால்தான் இரண்டுமே நடப்பதில்லை.

புத்தகத்தை எடுத்தாலே முகத்தைச் சுளிக்கிறார்கள். எங்கிருந்து தொடங்குவது?

"படி" என்று சொல்லாமல் தொடங்குங்கள். ஒரு கேள்வியைக் கொடுத்து "இதற்குப் பதில் இந்த பீரோவில் எங்கே இருக்கிறது, கண்டுபிடி" என்று சொல்லுங்கள். அந்தக் கேள்வி அவர்களுடையதாக இருக்க வேண்டும்.

அலங்காநல்லூர்ப் பக்கத்துப் பையன் ஒருவன். பாடப்புத்தகத்தைக்கூட விரிக்க மாட்டான், ஆனால் வீட்டில் காளை வளர்க்கிறார்கள். "ஜல்லிக்கட்டு பத்தி எங்கெங்க இருக்கு, பாரு" என்று விட்டேன். முதலில் விளையாட்டுப் பக்கம் போனான். கிரிக்கெட்டும் கபடியும்தான் இருந்தன. அப்புறம் கால்நடை வளர்ப்புப் புத்தகம் ஒன்று கிடைத்தது. அதில் மாட்டினங்கள் பற்றி ஓர் அத்தியாயம், படத்தோடு. படத்தைப் பார்த்தவன் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு நேராக என்னிடம் வந்துவிட்டான். "சார், இது புலிக்குளம்னு போட்டிருக்கு. புலிக்குளம் கெடையாது சார். காங்கேயம். கொம்ப பாருங்க."

அவன் சொன்னது சரியா தவறா என்று நான் தீர்ப்புச் சொல்லவில்லை. இன்னொரு புத்தகத்தில் அதே மாட்டின் படம் இருக்கிறதா என்று தேடச் சொன்னேன். தேடினான். இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தான். நான்கு பேர் கூடிவிட்டார்கள். ஆளுக்கு ஒரு நியாயம். அந்த பீரியடில் அவன் பொருளடக்கம் பார்த்தான், பக்க எண் தேடினான், இரண்டு நூல்களை ஒப்பிட்டான். இதையெல்லாம் கரும்பலகையில் எழுதி நடத்தியிருந்தால் கொட்டாவி விட்டிருப்பான்.

மாட்டில் நாட்டமில்லாத பிள்ளைக்கு வேறு கேள்வி. தெப்பக்குளத்துக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? மல்லிகைப்பூ ஏன் சாயங்காலம் மலர்கிறது? கீழடியில் கிடைத்த பானை ஓட்டில் என்ன எழுதியிருக்கிறது? ஒரு பழைய நோட்டில் பிள்ளைகள் கேட்பதையெல்லாம் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அதுதான் உங்கள் பாடத்திட்டம்.

பீரோ சாவி ஹெச்.எம். மேஜையில் இருக்கிறது. புத்தகம் தொலைந்தால் ஆடிட்டில் யார் பதில் சொல்வது என்று பயப்படுகிறார். என்ன செய்ய?

அவர் பயம் நியாயமானது. இருப்புப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டவர் அவர். அவரோடு சண்டை போடாமல், முதலில் ஒரு ஐம்பது புத்தகத்தை மட்டும் தனியே பிரித்து, அவற்றின் எண்களைத் தனி நோட்டில் எழுதி, உங்கள் பொறுப்பில் வாங்கிக்கொள்ளுங்கள். வகுப்பறையில் கயிறு கட்டித் தொங்கவிடலாம், மேஜையில் பரப்பி வைக்கலாம். பருவம் முடிந்ததும் எண்ணிக் காட்டுங்கள். ஐம்பதும் திரும்பி வந்தால் அடுத்த முறை நூறு கேட்கலாம்.

1901-இல் பாண்டித்துரைத் தேவர் மதுரைக்குச் சொற்பொழிவாற்ற வந்தபோது கம்பராமாயணமும் திருக்குறளும் கேட்டார், ஊரில் கிடைக்கவில்லை, அந்த ஆதங்கத்தில்தான் நான்காம் தமிழ்ச் சங்கத்தையும் பாண்டியன் புத்தகசாலையையும் தொடங்கினார் என்று சொல்வார்கள். இன்று புத்தகம் பள்ளிக்குள்ளேயே இருக்கிறது, சாவிக்குத்தான் பஞ்சம்.

புத்தக முதுகில் ஒட்டியிருக்கும் எண்களைச் சொல்லித்தர வேண்டுமா?

பள்ளி பீரோவில் இருநூறு புத்தகம்தான் என்றால் வேண்டாம். கலர் டேப் போதும்: கதைக்குச் சிவப்பு, அறிவியலுக்குப் பச்சை, வரலாற்றுக்கு மஞ்சள். எந்தப் புத்தகத்துக்கு எந்த நிறம் என்று பிள்ளைகளே முடிவு செய்யட்டும். ஒரு அறிவியல் கதைப் புத்தகத்துக்குச் சிவப்பா பச்சையா என்று அவர்கள் அடித்துக்கொள்ளும்போது பகுப்பு என்றால் என்ன என்பது தானாகப் புரிந்துவிடும்.

ஆனால் வெளியே பெரிய நூலகத்துக்குப் போகும் நாள் வரும். அதற்கு டூயி தசமப் பகுப்பின் எலும்புக்கூட்டை மட்டும் காட்டுங்கள். அமெரிக்கரான மெல்வில் டூயி 1876-இல் வெளியிட்டது. அறிவு முழுவதையும் 000 முதல் 900 வரை பத்துப் பெரும் பிரிவாக்கினார். 500 அறிவியல், 520 வானவியல், 796 விளையாட்டு, 398 நாட்டுப்புறக் கதைகள், 954 இந்திய வரலாறு. நம் தமிழ் இலக்கியத்துக்கு 894.811. மாடு வளர்ப்பு 636.2-இல் இருக்கும். காளையோடு மல்லுக்கட்டும் விளையாட்டு 791.8-இல், அலமாரி தள்ளி. ஒரே காளை இரண்டு இடத்தில் ஏன் என்று கேட்டுப் பாருங்கள். நல்ல பதில்கள் வரும். எல்லா நூலகமும் இதே முறையைப் பின்பற்றும் என்பதில்லை. போகும் இடத்தில் என்ன முறை என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

எண்களைவிடப் பிள்ளைகளுக்குப் பிடிப்பது எஸ்.ஆர். ரங்கநாதன் கதை. 1892-இல் சீர்காழியில் பிறந்தவர். சென்னை மாநிலக் கல்லூரியில் கணக்கு வாத்தியார். 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். போன கொஞ்ச நாளிலேயே ஒரே போர், பேச ஆளில்லை, பழைய வேலையையே கொடுங்கள் என்று திரும்பி வந்து நின்றார். லண்டனுக்குப் போய்ப் பயிற்சி பெற்று வந்து பாருங்கள், அப்போதும் பிடிக்காவிட்டால் பார்க்கலாம் என்று அனுப்பி வைத்தார்கள். அங்கே ஒரு கடையில் துண்டுகளை மாட்டி மாட்டி விதவிதமான உருவம் செய்யும் மெக்கானோ பொம்மையைப் பார்த்தார். எண்களையும் அப்படித் துண்டு துண்டாகச் சேர்க்கலாமே என்று தோன்றியது. அதிலிருந்து வந்ததுதான் 1933-இல் அவர் வெளியிட்ட கோலன் பகுப்பு முறை. இந்திய நூலகவியலின் தந்தை என்று நாம் கொண்டாடுகிறவருக்கே நூலகம் முதலில் போரடித்தது என்றால் வகுப்பில் எல்லார் முகத்திலும் ஒரு சிரிப்பு வரும். ஆகஸ்டு 12, நூலகர் தினத்தன்று இதைச் சொல்லுங்கள். மாலை போட்டு உரையாற்றுவதைவிட எடுபடும்.

ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு அகரவரிசை தெரியாதா? அதற்கு ஏன் நேரம் செலவழிக்க வேண்டும்?

அ, ஆ, இ, ஈ தெரியும். க, ங, ச, ஞ கூடப் பாடுவார்கள். அகராதியைக் கையில் கொடுத்தால் திணறிவிடுவார்கள். காரணம் வரிசையின் கடைசிப் பகுதி: ய, ர, ல, வ, ழ, ள, ற, ன. ரகரம் ஒரு பக்கம், றகரம் எங்கோ கடைசியில். நகரம் நடுவில், னகரம் முடிவில். "கரி" தேடிய பக்கத்திலேயே "கறி"யும் இருக்கும் என்று நினைக்கிறார்கள். இரண்டுக்கும் இடையில் கலை, கவலை, கழுதை, களிமண் என்று ஓர் ஊர்வலமே நிற்கிறது.

இதற்கு நான் ஊர்ப்பெயர்களை வைத்திருக்கிறேன். ஆறு சீட்டு எழுதுங்கள்: அனுப்பானடி, அழகர்கோவில், அண்ணா நகர், அவனியாபுரம், அரிட்டாபட்டி, அலங்காநல்லூர். ஆறு பிள்ளைகள் கையில் கொடுத்து அகரவரிசையில் நிற்கச் சொல்லுங்கள். எல்லாமே அகரத்தில் தொடங்குவதால் இரண்டாம் எழுத்துதான் தீர்மானிக்கும். சரியான வரிசை: அண்ணா நகர், அரிட்டாபட்டி, அலங்காநல்லூர், அவனியாபுரம், அழகர்கோவில், அனுப்பானடி. அனுப்பானடி சீட்டை வைத்திருக்கும் பிள்ளை எப்போதும் முன்னால் போய் நிற்கும். மற்றவர்கள் பின்னால் இழுப்பார்கள். அடுத்து திருமங்கலம், திருப்பாலை, திருவாதவூர், திருப்பரங்குன்றம் கொடுங்கள். இதற்கு மூன்றாம், நான்காம் எழுத்துவரை போக வேண்டியிருக்கும். இரண்டு பீரியட் இப்படி நின்றுவிட்டால் பிறகு மறக்காது.

"அக்கா" முதலிலா "அகம்" முதலிலா என்று ஒரு பிள்ளை நிச்சயம் கேட்கும். புள்ளி வைத்த எழுத்தை எங்கே வைப்பது என்ற கேள்வி அது. நீங்கள் பதில் சொல்லாதீர்கள். கையில் இருக்கும் அகராதியைத் திறந்து அது எப்படி வைத்திருக்கிறது என்று பார்த்து வரச் சொல்லுங்கள். வேறொரு அகராதி இருந்தால் அதையும். ஜ, ஷ, ஸ, ஹ எங்கே என்பதையும் அப்படியே கண்டுபிடிக்கட்டும்.

பழைய பள்ளிகளில் பெரியசாமித் தூரன் தொகுத்த குழந்தைகள் கலைக்களஞ்சியம், பத்துத் தொகுதி, சில சமயம் பீரோவின் அடித்தட்டில் தூசியோடு கிடக்கும். எந்தத் தொகுதியில் "யானை" இருக்கும் என்று முதுகைப் பார்த்தே சொல்லும் போட்டிக்கு அதைவிட நல்ல பொருள் கிடையாது.

ஆசிரியர் பெயரை வைத்துத் தேடச் சொன்னால் குழம்புகிறார்கள்.

நம் பெயர்களே அப்படி. மு. கருப்பையா என்பவரை மகரத்தில் தேடுவார்கள். தலைப்பெழுத்தை விட்டுவிட்டுக் கருப்பையாவைக் ககரத்தில் தேட வேண்டும் என்று ஒருமுறை சொன்னால் போதும். அதைவிடத் தொல்லை, ராமசாமியா இராமசாமியா என்பது. ஒரே ஆளை ஒருவர் ரகரத்திலும் இன்னொருவர் இகரத்திலும் எழுதி வைத்திருப்பார். நூலகவியலின் தந்தையே ரங்கநாதன், இரங்கநாதன், அரங்கநாதன் என்று மூன்று இடத்தில் கிடைப்பார். வருகைப் பதிவேட்டில் உள்ள தங்கள் பெயர்களையே பிள்ளைகள் நூலகப் பட்டியல் போல மாற்றி எழுதட்டும். கம்ப்யூட்டரில் தேடும்போதும் இதே தொல்லைதான் என்பதால் இந்தப் பயிற்சி வீணாகாது.

எங்களிடம் இருப்பதெல்லாம் பழைய புத்தகம். அதை வைத்து என்ன சொல்லித்தருவது?

பழைய புத்தகம் கிடைத்தது அதிர்ஷ்டம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். அச்சான ஆண்டைப் பார்க்கும் பழக்கத்தை வேறு எதை வைத்தும் இவ்வளவு நன்றாகச் சொல்லித்தர முடியாது.

"கொடைக்கானல் எந்த மாவட்டம்?" என்று கேளுங்கள். 1985-க்கு முன் அச்சான நூலில் மதுரை மாவட்டம் என்று இருக்கும். அந்த ஆண்டுதான் திண்டுக்கல் தனி மாவட்டமானது. இரண்டு நூலும் பொய் சொல்லவில்லை. இன்னும் சூடான கேள்வி வேண்டுமென்றால் ஜல்லிக்கட்டு: 2014-இல் உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. 2017 ஜனவரியில் மெரினாவிலும் தமுக்கத்திலும் போராட்டம் நடந்து, தமிழக அரசு சட்டத்தைத் திருத்தியது. 2023 மே மாதம் அந்தத் திருத்தம் செல்லும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2015-இல் அச்சான நூலும் 2018-இல் அச்சான நூலும் என்ன சொல்லும் என்று பிள்ளைகளே ஊகிக்கட்டும். அப்புறம் கோள்கள் எத்தனை? 2006-க்கு முந்தைய புத்தகத்தில் புளூட்டோவோடு ஒன்பது.

தலைப்புப் பக்கத்தின் பின்பக்கத்தில் "முதற்பதிப்பு", "இரண்டாம் பதிப்பு" என்று இருக்கும் இடத்தைக் காட்டிவிடுங்கள். ஒரு மாதத்தில் அவர்களே பாடப்புத்தகத்தைத் திருப்பி ஆண்டு பார்ப்பார்கள்.

ஏழாம் வகுப்பில் பாதிப் பேருக்குச் சரளமாக வாசிக்கவே வராது. இவர்களுக்கு நூலகம் எதற்கு?

"ஆர்வமில்லை" என்று நாம் சொல்லும் பிள்ளைகளில் பலர் வாசிக்கத் திணறுவதை மறைக்கிறவர்கள். சேட்டை செய்தால் திட்டு கிடைக்கும், திக்கித் திக்கி வாசித்தால் சிரிப்பு கிடைக்கும். அவர்கள் திட்டைத் தேர்ந்தெடுக்கிறார்கள். எனவே நூலக பீரியடில் யாரையும் எழுப்பி உரக்க வாசிக்கச் சொல்லாதீர்கள்.

பள்ளிக்கல்வித் துறையின் வாசிப்பு இயக்கப் புத்தகங்கள் உங்கள் பள்ளியிலும் இருக்கும். நுழை, நட, ஓடு, பற என்று நான்கு நிலை. "நுழை"யில் வரிக்கு நாலைந்து சொல்தான். சிக்கல் என்னவென்றால் எட்டாம் வகுப்புப் பையன் எல்லார் கண்முன்னும் "நுழை"யை எடுக்க மாட்டான். இதற்கு ஒரு வழி: "ரெண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நீ வாசித்துக் காட்ட வேண்டும், நல்லதாக ஒன்று பொறுக்கு" என்று சொல்லி விடுங்கள். இப்போது அது அவனுக்கு வேலை, அவமானம் இல்லை. முதல் நாள் வீட்டுக்கு எடுத்துப்போய்த் தயார் செய்துகொண்டு வருவான்.

முத்திரை குத்துவது, எண் சீட்டு ஒட்டுவது, கிழிந்த அட்டையைச் சரிசெய்வது, இரவல் ரிஜிஸ்டர் எழுதுவது ஆகிய வேலைகளையும் இவர்களிடமே கொடுங்கள். வகுப்பில் முதல் ரேங்க் எடுக்கும் பிள்ளைக்கு ஏற்கெனவே நிறைய வேலை இருக்கிறது.

"கூகுளில் போட்டால் வந்துவிடுமே சார்" என்கிறார்கள்.

வரும். வந்ததை யார் எழுதியது, எப்போது எழுதியது என்று கேளுங்கள். புத்தகத்தில் அட்டையைத் திருப்பினால் தெரிகிற விஷயம் போனில் பல நேரம் தெரியாது. இப்போது கேட்ட கேள்விக்கு வாக்கியமாகவே பதில் எழுதித் தரும் ஏஐ வேறு வந்துவிட்டது. அது தவறாகச் சொன்னாலும் தடுமாறாமல் சொல்லும். போனைத் திட்டிப் பயனில்லை. ஒரே கேள்விக்குப் போனில் ஒரு பதில், புத்தகத்தில் ஒரு பதில், ஊர்ப் பெரியவரிடம் ஒரு பதில் வாங்கி வரச் சொல்லுங்கள். மூன்றும் ஒத்துப்போகாத இடத்தில்தான் வகுப்பு சுவாரசியமாகும். போனிலேயே படிக்க வேண்டுமென்றால் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தைக் காட்டலாம். பழைய நூல்களும் இதழ்களும் இலவசமாக இருக்கின்றன.

படித்ததற்குக் கதைச் சுருக்கம் எழுதி வாங்கலாமா? மதிப்பெண் போடலாமா?

வேண்டாம். சுருக்கம் எழுத வேண்டும் என்று தெரிந்ததும் பிள்ளை பீரோவில் ஆக ஒல்லியான புத்தகத்தை எடுக்கும்.

கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்கு அழைத்துப் போவது எப்படி?

புது நத்தம் ரோட்டில் 2023 ஜூலை 15 அன்று திறந்த கட்டடம். தரைத்தளத்துக்கு மேல் ஆறு மாடி. குழந்தைகளுக்கான பகுதி முதல் மாடியில். வகுப்பு மொத்தத்தையும் பஸ்ஸில் ஏற்றிக் கொண்டுபோய், வரிசையாக நடக்க வைத்து, "சத்தம் போடாதே" என்று கத்திவிட்டு, வாசலில் போட்டோ எடுத்துத் திரும்புவது சுற்றுலா. அதுவும் தப்பில்லை, ஆனால் அதை நூலகப் பயிற்சி என்று பதிவேட்டில் எழுதாதீர்கள்.

முன்கூட்டியே பேசி நாளும் நேரமும் வாங்குங்கள். இருபது பேருக்கு மேல் வேண்டாம். இரண்டிரண்டு பேராகப் பிரித்து ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரு கேள்விச் சீட்டு. பதிலோடு, எந்தப் புத்தகம், எந்தப் பக்கம், எந்த ஆண்டு என்று குறித்து வர வேண்டும். ஒரு நிபந்தனை கட்டாயம்: யாராவது ஒரு நூலகப் பணியாளரிடம் ஒரு கேள்வியாவது கேட்டிருக்க வேண்டும். எப்படிக் கேட்பது என்பதை முதல் நாளே வகுப்பில் நடித்துப் பாருங்கள். "அக்கா, வானவியல் புத்தகம் எங்க இருக்கும்?" என்ற ஒரே வாக்கியத்துக்குச் சில பிள்ளைகள் நான்கு முறை ஒத்திகை பார்ப்பார்கள். முதல் அரை மணி நேரம் லிஃப்டையும் கண்ணாடியையும் பார்த்துக்கொண்டுதான் நிற்பார்கள். அதற்கும் நேரம் ஒதுக்குங்கள்.

பெற்றோர், "பாடத்தை விட்டுவிட்டுக் கதைப் புத்தகமா" என்கிறார்களே?

வாக்குவாதம் வேண்டாம். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம் நடக்கும் அறையில் புத்தகங்களைப் பரப்பி வையுங்கள். சமையல், வீட்டு மருத்துவம், தையல் பற்றிய புத்தகங்கள் மேலே இருக்கட்டும். ஒரு அம்மா தன் பிள்ளை பெயரில் ஒன்றை எடுத்துப் போனால் அந்த வீட்டிலிருந்து அதன் பிறகு புகார் வராது.

தொலைந்த புத்தகத்துக்கு அபராதம் வாங்கலாமா?

அபராதம் போட்டால் தொலைத்த பிள்ளை மட்டுமல்ல, பக்கத்தில் இருக்கும் பத்துப் பிள்ளைகளும் புத்தகம் எடுப்பதை நிறுத்திவிடும். பெரும்பாலும் தொலைவதில்லை, தம்பி கிழித்திருப்பான் அல்லது அத்தை வீட்டில் கிடக்கும். லீவு முடிந்ததும் "என்ன நிலையில் இருந்தாலும் கொண்டு வா" என்று ஒரு வாரம் அறிவியுங்கள். உண்மையிலேயே போய்விட்டால் நடைமுறைப்படி பதிவேட்டில் எழுதி ஹெச்.எம்.மிடம் கையெழுத்து வாங்குங்கள்.

பள்ளிக்கு வெளியே பிள்ளைகளை உறுப்பினராக்க முடியுமா?

முடியும். சிம்மக்கல்லில் மாவட்ட மைய நூலகம் இருக்கிறது. சுற்றுப்பட்டில் கிளை நூலகம், ஊர்ப்புற நூலகம், பகுதிநேர நூலகம் என்று ஏதாவது ஒன்று பஸ் தூரத்துக்குள் இருக்கும். இது யாரும் போடும் தர்மம் இல்லை என்று பெற்றோருக்குச் சொல்லுங்கள். 1948-இல் வந்த பொது நூலகச் சட்டத்தின்படி வீட்டு வரியோடு சேர்த்து நூலக வரியும் கட்டிக்கொண்டுதான் இருக்கிறோம். காப்புத்தொகையும் சந்தாவும் சிறு தொகைதான். விண்ணப்பத்தை நீங்களே மொத்தமாக வாங்கி வந்து வகுப்பிலேயே நிரப்ப வையுங்கள். பிள்ளை தன் கையால் எழுதட்டும். பல கிளை நூலகங்களுக்கு வார விடுமுறை வெள்ளிக்கிழமை. ஞாயிற்றுக்கிழமை திறந்திருக்குமா என்று கேட்டு வைத்துக்கொண்டு, முதல் தடவை அந்த ஞாயிறு காலையில் நீங்களும் கூடப் போங்கள். நூலகருக்குப் பிள்ளையின் முகம் தெரிந்துவிட்டால் அடுத்த வாரம் தனியாகப் போகத் தயங்காது.